பிரேக் கட்டைகளுக்கு இட்ட பொட்டு

இந்நிகழ்ச்சியை நான் எழுதி வைக்க நேர்ந்தமைக்குக் காரணம் ஒரு பலகை. அண்மையில் பெங்களூரில் பழைய ஊர்திகளின் கண்காட்சியொன்றுக்கு என் மகள் என்னை அழைத்துச் சென்றாள். வரிசையின் கடைசியில், பச்சை வண்ணம் பூசிய மர உடலும் சன்னல்தோறும் திரைச்சீலையுமாக, எங்கள் குடும்பத்தார் ‘வண்டிவீடு’ என்று அழைத்த அதே ஊர்தி நின்றுகொண்டிருந்தது. அதன் முன் வைத்திருந்த பலகையில், இதன் அச்சுகளும் சக்கரங்களும் பிரேக்கும் வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் மாற்றப்பெற்றவை என்று எழுதியிருந்தது. அது முழுப் பிழை என்று அதன் இன்றைய உரிமையாளரிடம் கூறினேன். அவர் பண்பாளர். “ஆவணம் ஏதாவது இருக்கா அம்மா?” என்று பணிவாகக் கேட்டார். என்னிடம் ஆவணம் இல்லை. அந்த வேலை நடந்தபோது ஒன்பது வயதுச் சிறுமியாக அருகில் நின்றவள் என்ற தகுதி ஒன்றே உண்டு. அதைக்கொண்டு எழுதுகிறேன்.

இயன்றவரை நல்ல தமிழில் எழுதுவதே என் வழக்கம். ஆயினும் பட்டறையில் புழங்கிய சொற்களை மாற்றினால் அங்கிருந்தவர்கள் வேறு யாரோ ஆகிவிடுவர். ஆகவே பிரேக்கைப் பிரேக் என்றே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

என் சித்தப்பா மாநில அரசின் செயலகத்தில் பணியாற்றியவர். ஒரு பொருளை வாங்கிய பின்னரே அதன் பயனைச் சிந்திக்கும் இயல்பினர். மலைத்தோட்டம் ஒன்றை விற்றுவிட்டுச் சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரின் உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது, நாற்காலி வாங்கச் சென்றவர் வண்டிவீட்டோடு திரும்பினார். உள்ளே இரண்டு படுக்கைகள், அடுப்பு வைக்க ஒரு பலகை, முகம் கழுவ ஒரு பீங்கான் தொட்டி. பெங்களூர் மல்லேசுவரத்தில் எங்கள் தெருவில் அது வந்து நின்ற அன்று, அண்டை வீட்டார் ஒருவர் விடாமல் ஏறி, படுத்துப் பார்த்து இறங்கினர். என் தாயார் மட்டும் ஏறவில்லை. “இருக்கிற வீட்டைப் பெருக்கவே எனக்கு நேரம் போதல” என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

ஓராண்டுக் காலம் அது வாயிலில் நின்றது. சித்தப்பா அதனை இருமுறை ஓட்டினார். முதன்முறை சமதரையில் சென்று திரும்பியது. இரண்டாம் முறை ஒரு சிறு சரிவில், பிரேக்கை முழுவதும் மிதித்த பின்னரும், தன் விருப்பம்போல் நடந்து சென்று ஒரு வைக்கோல் வண்டியின் பின்னே சாய்ந்து நின்றது. எவருக்கும் காயமில்லை. அதன்பின் சித்தப்பா அவ்வூர்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் சன்னல்களைப் பற்றியே பேசினார்.

அவ்வாண்டு என் அத்தை எங்கள் இல்லத்தில் படுக்கையில் இருந்தார். சித்தப்பாவுக்கும் என் தந்தைக்கும் மூத்த தமக்கை அவர். சேலத்தில் மாமா தொடர்வண்டித் துறையில் பணியாற்ற, முதுகெலும்பில் வந்த நோய்க்கு மருத்துவம் பெறுவதற்காக அத்தை மட்டும் பெங்களூருக்கு வந்திருந்தார். மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. உட்காரக் கூடாது, பலகைபோல் படுத்தே இருக்கவேண்டும். அந்நிலையில் சேலத்திலிருந்து மடல் வந்தது. அத்தையின் ஒரே மகளுக்கு ஐப்பசி இறுதியில் திருமணம் உறுதியாகியிருந்தது. தள்ளிப்போட மாப்பிள்ளை வீட்டார் இசையவில்லை.

அத்தை அழவில்லை. மடலை மடித்துத் தலையணையின் கீழ் வைத்துவிட்டு, “போட்டோ எடுப்பாங்க இல்ல, பார்த்துக்கிறேன்” என்றார்.

சித்தப்பா எழுந்து நின்றார். “அக்கா, நீ வர்ற. படுத்தே வர்ற. வாசல்ல நிக்குதே, அது எதுக்கு இருக்கு?”

“ரயில்ல படுத்துக்கிட்டுப் போகக் கூடாதாடா?”

“ஜோலார்பேட்டையில இறக்கி, இன்னொரு வண்டியில ஏத்தணும். படி ஏறணும், ஜனம் இடிக்கும். டாக்டர் ஒத்துக்க மாட்டார்.”

“உன் வண்டி வைக்கோல் தின்னப் போச்சே, அதுக்கு டாக்டர் ஒத்துக்குவாரா?”

 மறுநாளே சித்தப்பா அருகே ஸ்ரீராம்புரத்தில் இருந்த மேஸ்திரியை அழைத்து வந்தார். ஊர்திகளைப் பழுதுபார்ப்பவரை எங்கள் ஊரில் மேஸ்திரி என்போம். ஐம்பது வயதிருக்கும். அவர் வண்டிவீட்டினுள் ஏறவே இல்லை. தரையில் ஒரு கோணியை விரித்து மல்லாந்து அதன் அடியில் புகுந்தார். நெடுநேரம் கழித்து வெளியே வந்து முழங்கையைத் துடைத்துக்கொண்டு, “சார், மேல யானை. கீழ ஆட்டுக்கால்” என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் புரியும்படியாகவே இருந்தது. துரை ஒரு சிறிய சரக்குவண்டியின் சட்டத்தின்மீது தேக்குமர வீட்டைக் கட்டிவிட்டார். பாரம் தாங்காமல் பின் அச்சு வளைந்து, சக்கரங்கள் முட்டி தட்டும் கால்கள்போல் சாய்ந்துவிட்டன. பிரேக்கோ கம்பியால் இழுக்கும் பழைய வகை. கம்பி நாளடைவில் நீண்டு தளர்ந்துவிட்டது. இந்நிலையில் சேலத்துக்குச் செல்வதாயின் தருமபுரியைக் கடந்ததும் தொப்பூர்க் கணவாயில் இறங்கவேண்டும். அச்சரிவில் இது நிற்காது.

“அதுக்கு என்ன செய்யலாம்?”

“காலை மாத்திடலாம் சார். மிலிட்டரி லாரி ஒண்ணு ஏலத்துல வந்திருக்கு. முன் அச்சு, பின் அச்சு, சக்கரம், எண்ணெய் பிரேக்கு, எல்லாம் முழுசா இருக்குது. கழட்டி இதுல கட்டுறேன். ஆனா ஜாஸ்தி வேலை. அவசரப்படுத்தக் கூடாது.”

“இருபது நாள்ல முடியுமா?” என்றார், அவசரப்படுத்தாத சித்தப்பா.

வண்டிவீடு ஸ்ரீராம்புரத்துச் சந்தொன்றின் முனையில் இருந்த அவர் கொட்டகைக்கு இழுத்துச் செல்லப்பட்டது. மாலைதோறும் சித்தப்பா அங்குச் செல்வார். நானும் மிதிவண்டியின் பின்னிருக்கையில் தொற்றிக்கொள்வேன். பழைய அச்சுகள் கழன்று விழுந்ததும் வண்டிவீடு நான்கு மரக்கட்டைகளின்மீது நின்றது. புதிய அச்சு அகலமாக இருந்ததால் பாரம் தாங்கும் வில்பட்டைகள் அமரும் இடத்தை மேஸ்திரி அறுத்து, நகர்த்தி, மீண்டும் பற்றவைத்தார். புதிய சக்கரங்கள் பெரியவை; பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. அவை சுழல இடம் வேண்டி அத்தை படுக்கவிருந்த பலகையை ஒரு சாண் உயர்த்த நேர்ந்தது. அதற்காகச் சித்தப்பா பெரிதும் வருந்தினார். மேஸ்திரி தம் தலையை அந்தப் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு சார். அம்மாவுக்கு இப்ப ஜன்னல் கண்ணுக்கு நேரா இருக்கும்” என்றார்.

இவ்வாறு வேலை பாதியில் இருக்கும்போது ஆயுத பூசை வந்தது.

ஆயுத பூசையன்று எக்கருவியும் வேலை செய்யக் கூடாது. அவை அன்று தொழப்படுவன. கொட்டகையைக் கழுவிக் கோலமிட்டு, சுத்தியல், திருகி, துளையிடும் எந்திரம் யாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். வண்டிவீடு மரக்கட்டைகளின்மீது நின்றபடியே மாலை அணிந்திருந்தது. வேறு எங்கும் வண்டிக்குத்தான் பூசை நடக்கும். எங்களுக்கோ வண்டி துண்டுதுண்டாகத் தரையில் கிடந்தது. ஆகவே துண்டுகள் அனைத்துக்கும் பூசை என்று சித்தப்பா முடிவு செய்தார். பெரிய அச்சுகளுக்கு அவரே சந்தனம் பூசினார். ஒரு சாக்கின்மீது, சக்கரத்தின் உள்ளே உரசி அதை நிறுத்தும், பிறைநிலவு வடிவான பிரேக் கட்டைகள் எட்டு அடுக்கப்பட்டிருந்தன. “சின்னச் சாமானுக்கெல்லாம் நீ பொட்டு வை” என்று குங்குமச் சிமிழை என்னிடம் கொடுத்துவிட்டு, மேஸ்திரியோடு பூசணிக்காய் உடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கப் போய்விட்டார்.

இப்போது என் பிழையைச் சொல்லவேண்டும். எங்கள் இல்லத்தில் ஆயுத பூசைக்கு முதல்நாள் என் தாயார் அரிவாள்மனை, பாக்குவெட்டி, கத்தரிக்கோல் ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி மினுக்கிய பின்னரே பொட்டு வைப்பார். எண்ணெயிடாத இரும்புக்குப் பொட்டு வைப்பது, தலை சீவாத பெண்ணுக்குப் பூச்சூட்டுவது போன்றது என்பது அவர் கருத்து. அந்தக் கட்டைகளின் வளைந்த முதுகில் லைனிங் என்னும் பட்டை புதிதாக ரிவெட்டு ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. அது சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, எண்ணெய் காணாத குழந்தையின் தலைபோல் இருந்தது. விளக்கேற்றக் கொண்டுவந்த விளக்கெண்ணெய்க் கிண்ணம் அருகில் இருந்தது. எட்டுக் கட்டைகளின் முதுகிலும் எண்ணெய் ஊற்றி விரலால் தேய்த்தேன். எவ்வளவு ஊற்றினாலும் அது குடித்தது. குடித்துக் கறுத்து, மினுமினுப்பாயிற்று. பிறகு ஒவ்வொன்றின் இரும்புப் பக்கத்திலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பொரி வாங்கப் போனேன். அன்று எனக்குக் கிடைத்த மனநிறைவு பிற்காலத்தில் முனைவர் பட்டம் பெற்ற நாளில்கூடக் கிடைக்கவில்லை.

பூசைக்குப் பின் வேலை நான்கு நாள் நகரவில்லை. சித்தப்பா பொறுமையிழந்தார். கொட்டகையில், தெருவில் போவோர் திரும்பிப் பார்க்கும்படி, “எட்டுக் கட்டையை மாட்ட நாலு நாளா? வேலை தெரியலேன்னா மொதல்லயே சொல்லியிருக்கணும்!” என்று கத்தினார்.

மேஸ்திரி தலைகுனிந்து நின்றார். “ரிவெட்டு சரியா உக்காரல சார். என் தப்புதான். நாளைக்கு ஆயிடும்.”

நான் சித்தப்பாவின் பக்கம் நின்று மேஸ்திரியைச் சினத்தோடு நோக்கினேன். அத்தையின் பயணத்தைத் தாமதப்படுத்துபவர் அல்லவா?

கட்டைகள் பொருத்தி, சக்கரங்கள் மாட்டியாயிற்று. பிரேக்குக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றும் வேலை எஞ்சியது. ஒருவர் மேலே பிரேக்கை மிதித்து மிதித்து விடவேண்டும். மற்றவர் கீழே குழாயின் திருகைத் திறந்து மூடவேண்டும். மிதிக்க என்னை அமர்த்தினார்கள். இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டவில்லை, நின்றுகொண்டு மிதித்தேன். மேஸ்திரி முதலில் ஒரு குப்பியிலிருந்து பிரேக் எண்ணெயை ஊற்றினார். எண்ணெயைக் கண்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“பிரேக்குக்கு எண்ணெய் ரொம்பப் பிடிக்குமா மேஸ்திரி?”

அவர் குப்பியை மூடிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். “உள்ள இருக்கிற எண்ணெய் வேற பாப்பா. அது கட்டையைத் தள்ளும். லைனிங் மேல மட்டும் ஒரு சொட்டு படக் கூடாது. பட்டுச்சுன்னா அவ்ளோதான். வழுக்கிக்கினே போவும், வண்டி நிக்காது.” குப்பியைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா பாப்பா, எதனா கேக்கணுமா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். அவர் அடியில் புகுந்தார். “அமுக்கு... விடு. அமுக்கு... விடு.” என் காலின் கீழ் பிரேக் முதலில் சேறுபோல் அமிழ்ந்தது, பிறகு படிப்படியாக இறுகிக் கல்லாயிற்று. “ஆயித்து சார்!” என்று மேஸ்திரி மகிழ்ச்சியோடு வெளியே வந்தார். நான் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

அதன்பின் கழிந்த நாட்களை விரித்துரைக்க விரும்பவில்லை. மேஸ்திரி தெருவில் ஓட்டிக் காட்டினார், வண்டி நின்றது. தெரு சமதரை, தொப்பூர் சமதரை அன்று. சித்தப்பாவிடம் உண்மையைச் சொன்னால் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், திருமணநாள் கடந்துவிடும், அத்தைக்குப் புகைப்படம்தான் மிஞ்சும். சொல்லாவிட்டால் கணவாயில் வண்டிவீடு எங்கள் எல்லாரோடும் வழுக்கிக்கொண்டே போகும். ஒன்பது வயதில் எனக்கு மூன்றாவது வழி ஒன்றே தோன்றிற்று. அத்தையின் படுக்கையருகே சென்று, “நீங்க கல்யாணத்துக்குப் போக வேண்டாம் அத்தை” என்றேன்.

அவர் முகம் வாடியதை இன்றும் காண்கிறேன். “ஏண்டி? கட்டோட வந்து படுத்துக்கிட்டா அங்க நல்லா இருக்காதுன்னு யாராவது பேசிக்கிட்டாங்களா?”

நான் ஓடிவிட்டேன்.

புறப்படும் காலை வந்தது. சித்தப்பாவும் மேஸ்திரியும் அண்டை வீட்டார் இருவரும் அத்தையை ஒரு தனிப் பலகையில் கிடத்தித் தூக்கிப் பின்கதவு வழியே ஏற்றினர். கணவாயில் தாமே ஓட்டுவதாகக் கூறி மேஸ்திரியும் உடன் வருவதாக ஏற்பாடு. என் தாயார் கட்டுச்சோற்று மூட்டைகளோடு முதன்முறையாக வண்டிவீட்டினுள் ஏறி, உள்ளிருந்த தூசியைக் கண்டு, துடைப்பம் எடுக்க மீண்டும் வீட்டினுள் போனார். அத்தையோடு நான் மட்டும் இருந்தேன். பட்டுப்புடவையை மாவுக்கட்டின்மீது சுற்றி, நகை அணிந்து, சன்னலுக்கு நேராகப் படுத்திருந்தார். என்னைப் பார்த்து, மெதுவாக, “நான் வர்றது உனக்கு இன்னும் பிடிக்கலையா கண்ணு?” என்றார்.

அழுகையினூடே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விளக்கெண்ணெய், எட்டுக் கட்டை, பொட்டு, வழுக்கிக்கொண்டே போவது, யாவும். அத்தை கூரையைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும், “மேஸ்திரியைக் கூப்பிடு. சித்தப்பா வேண்டாம்” என்றார்.

மேஸ்திரி சன்னலருகே வந்து நின்றார்.

“மேஸ்திரி, பூசையன்னைக்கு இவ பிரேக் கட்டைக்கெல்லாம் எண்ணெய் தடவிட்டேன்னு சொல்றா. நிஜமா?”

“நெஜந்தாம்மா.” அவர் சிறிதும் வியப்படையவில்லை. “மறுநாள் கட்டையை எடுக்கறேன், கையில வழுக்குது. மோந்து பாத்தா விளக்கெண்ணெய். மேல பாத்தா எட்டு பொட்டு, பட்டாணி சைசுல. நம்ம கொட்டகையில அவ்ளோ சின்ன விரல் யாருக்கு இருக்குது?”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னாம்மா? எண்ணெய் குடிச்ச லைனிங் திருந்தாது. எட்டையும் பேத்துக் கடாசிட்டு புதுசு போட்டு ரிவெட்டு அடிச்சேன். சார் கத்துனாரே, அந்த நாலு நாளு அதுக்குத்தான்.”

அத்தை சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு மாவுக்கட்டுக்குள் சிக்கிக்கொண்டது. “ஐயோ, சிரிக்க வெக்காதீங்க மேஸ்திரி, கட்டு இறுக்குது!” என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தார். “ஏண்டி, தலைக்குத் தேய்ச்சு விடுன்னு உன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருக்கேன்? எனக்குத் தேய்க்காம பிரேக்குக்குப் போய்த் தேய்ச்சியா!”

 சுமை இறங்குவது என்பதன் பொருளை நான் அகராதியில் கற்கவில்லை. அந்தக் காலையில் கற்றேன்.

அப்போது மேஸ்திரி தலையைச் சன்னலுக்குள் சற்று நீட்டி, குரலைத் தாழ்த்தினார். “பாப்பா, இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். சார் கிட்ட சொல்லாத, இன்னா?” என்று கூறி, கைகளைக் கூப்பினார். சித்தப்பாவின் சினத்திலிருந்து என்னைக் காக்கவே அவ்வாறு சொல்கிறார் என்று உணர்ந்து நன்றியோடு தலையசைத்தேன். அந்தக் கும்பிடு விளையாட்டு என்றெண்ணி, பதிலுக்கு நானும் கும்பிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எனப் பகல் கழிந்தது. தொப்பூர்க் கணவாயின் உச்சியில் மேஸ்திரி ஓட்டும் இருக்கைக்கு மாறினார். சித்தப்பா பின்னே வந்து அத்தையின் பலகையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். என் தாயார் கண்களை மூடிக்கொண்டார். வண்டி மெல்ல, முனகிக்கொண்டே இறங்கியது. ஒரு திருப்பத்தில், சரிவின் நடுவே, மாட்டுவண்டிகள் மூன்று வழியை அடைத்து நின்றன. மேஸ்திரி மிதித்தார். தூக்குச்சட்டி ஒன்று உருண்டோடிப் பீங்கான் தொட்டியில் மோதியது. வண்டிவீடு நின்றுவிட்டது. ஒரு விரல் அளவும் நகராமல், சரிவிலேயே, நாற்காலிபோல் நின்றது.

“நின்னுடுச்சா?” என்றார் என் தாயார், கண்ணைத் திறவாமல்.

“நிக்குது அண்ணி. குரங்கு பார்க்குது, நீங்களும் கண்ணைத் திறந்து பாருங்க” என்றார் சித்தப்பா. பலகையைப் பிடித்த கைகளை மட்டும் எடுக்கவில்லை.

அடிவாரத்தில் மேஸ்திரி இறங்கி, அச்சுகளின் நான்கு முனைகளிலும் சக்கரத்தின் நடுவில் கைவைத்துச் சூடு பார்த்தார். நான்கும் ஒரேபோல் இருந்தன போலும். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அத்தையின் சன்னலை நோக்கித் தலையை ஆட்டினார்.

மறுநாள் மணமேடைக்கு அருகே அத்தையின் பலகையை இரண்டு பெஞ்சுகளின்மீது வைத்தார்கள். தாலி ஏறியதும் மணமகள் எழுந்து வந்து, குனிந்து, தாயின் கட்டின்மீது முகம் வைத்தாள். அவளுடைய நெற்றிக் குங்குமம் மாவுக்கட்டில் ஒட்டிக்கொண்டது. பெங்களூர் திரும்பிய பின், கட்டைப் பிரிக்கும் நாள்வரை, அவ்விடத்தைத் துடைக்க அத்தை எவரையும் விடவில்லை.

மேஸ்திரிக்குக் கொடுத்த வாக்கை நான் காத்தேன், அத்தையும் காத்தார். நெடுங்காலம் அதனை அவர் எனக்களித்த மன்னிப்பாகவே போற்றி வந்தேன். நடுவயது கடந்த பின்னர் ஒருநாள், ஒரு பட்டறையைப் பற்றி யாரோ “அங்க பிரேக் வேலைக்கு விடாதீங்க” என்று சொல்லக் கேட்டபோதுதான் மனத்தில் ஏதோ இடறியது. லைனிங் பொருத்திய கட்டைகளைப் பூசை நாளில் திறந்து வைத்தது ஒரு மேஸ்திரி செய்யக்கூடாத செயல். சித்தப்பா அறிந்திருந்தால் செயலகம் முழுவதும் அறிந்திருக்கும். ஸ்ரீராம்புரத்துச் சந்துகள் அதற்கு மறுநாளே அறிந்திருக்கும். அதன்பின் அவரிடம் எவர் பிரேக் வேலை கொடுப்பார்? வேலை தெரியாதவர் என்ற ஏச்சைத் தெருவறியத் தலைகுனிந்து ஏற்றவர், அதனினும் பெரிய ஏச்சுக்கு அஞ்சியிருந்தார். அந்தக் காலையில் சன்னலுக்கு வெளியே நின்றவர் என்னை மன்னிக்க மட்டும் வரவில்லை. தம் தொழிலைக் காத்துத் தருமாறு ஒன்பது வயதுச் சிறுமியிடம் உண்மையாகவே கைகூப்பினார். நானோ விளையாட்டென்று சிரித்தேன்.

அந்த இரகசியம் அறிந்த மூவரில் இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே. ஆதலால் வாக்கை மீறவில்லை என்றே கருதுகிறேன். ஊர்திகளின் நுட்பம் அறிந்தோர் இதனைப் படிக்க நேர்ந்தால், அச்சு, வில்பட்டை, பிரேக் ஆகியன பற்றி நான் எழுதியவற்றில் உள்ள குற்றங்களைத் தயங்காது திருத்தியருள வேண்டுகிறேன். ஒரு பிழையை மட்டும் என்னால் திருத்த இயலவில்லை. அவரை நாங்கள் எல்லாரும் மேஸ்திரி என்றே அழைத்தோம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. அறிந்தவர் எவரேனும் இருப்பின், எனக்கு எழுதுங்கள்.